வெள்ளைக் காகிதத்தில் வெள்ளை வயர்

மோட்டார் சைக்கிள் வயரிங் டயகிராம் வரைகிறவருக்கு ஒரே ஒரு கவலைதான்: எதையாவது விட்டுவிட்டோம் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. வண்டியில் இருக்கிற பல்பு, சுவிட்ச், கப்ளர், காயில் அத்தனையையும் ஒரே தாளில் அடக்கிவிடுவார். வண்டியைப் பிரித்துப் போட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்திருப்பவனுக்கும் ஒரே ஒரு கேள்விதான்: பிரேக் லைட் ஏன் எரியவில்லை? அதைத் தவிர உலகத்தில் உள்ள எல்லாக் கேள்விக்கும் அந்தத் தாளில் பதில் இருக்கும்.

எங்கள் வீட்டில் நிற்பது ஒரு பழைய நூறு சிசி டூ-ஸ்ட்ரோக். கம்பெனி பெயரைச் சொன்னால் அதன் ரசிகர் மன்றம் வாசலுக்கு வந்துவிடும், வேண்டாம். அதன் டயகிராம் எனக்குக் கிடைத்தது ஜெராக்ஸின் ஜெராக்ஸாக. சாப்பாட்டு மேசையில் விரித்து வைத்திருந்தபோது மனைவி எட்டிப் பார்த்தாள். "சிக்குக் கோலமா? புள்ளி மேலயே கோடு போட்டிருக்காங்க. தப்பு" என்றாள்.

கோலத்தில் தப்புதான். வயரிங்கில் அதுதான் இலக்கணம். இரண்டு கோடுகள் வெட்டிக்கொள்ளும் இடத்தில் புள்ளி இருந்தால் இணைப்பு. இல்லாவிட்டால் சும்மா கடந்து போகிறார்கள், பேச்சுவார்த்தை கிடையாது. ஆனால் ஜெராக்ஸ் கண்ணாடியில் இருந்த தூசியும், எனக்கு முன்னால் அந்தத் தாளை வைத்திருந்த யாரோ ஒருவரின் பஜ்ஜி எண்ணெயும் சேர்ந்து ஏராளமான புதுப் புள்ளிகளை வைத்திருந்தன. அந்தக் கணக்குப்படி ஹாரனுக்கும் ஸ்பார்க் பிளக்குக்கும் நேரடிச் சம்பந்தம். ஹாரன் அடிக்காவிட்டால் வண்டி நகராது என்று நம்புகிற நம் ஊர்க்காரர்களிடம் இதே பிரதிதான் இருக்க வேண்டும்.

நிறத்தை வைத்துக் கண்டுபிடிக்கலாமே என்பீர்கள். யமஹாவில் கறுப்பு வயர் எர்த். ஹோண்டாவில் பச்சைதான் எர்த். கறுப்பு, சாவியைத் திருப்பியதும் கரண்ட் வருகிற வயர். சுசூகியில் கறுப்பில் வெள்ளைக் கோடு எர்த், கவாசாகியில் கறுப்பில் மஞ்சள் கோடு. நான்கும் ஒரே ஜப்பானில் இருக்கின்றன. ஒரு டீ குடித்துப் பேசி முடித்திருக்கலாம். பழைய பிரிட்டிஷ் வண்டிகளில் பேட்டரியின் பாசிட்டிவ் முனையைத்தான் சேஸிஸோடு சேர்த்தார்கள். அங்கே லூகாஸ் வயரிங்கில் எர்த் சிவப்பு! சென்னைப் பாடியில் பஸ் ஸ்டாப்புக்கே பெயர் கொடுத்தாரே, அதே லூகாஸ்.

மேனுவல் கறுப்பு-வெள்ளையில் அச்சானது என்றால் நிறத்தை எழுத்தில் குறிப்பார்கள். ஹோண்டாவில் 'பிஎல்' என்றால் கறுப்பு. சுசூகியில் அதே 'பிஎல்' நீலம். யமஹா 'பி'யைக் கறுப்புக்குக் கொடுத்துவிட்டதால் நீலம் 'எல்' ஆகிவிட்டது. 'சிஎச்' என்றும் ஒன்று உண்டு: சாக்லேட். பிரவுன் வேறு, சாக்லேட் வேறாம். இன்ஜின் சூட்டிலும் மழைச் சேற்றிலும் பத்து வருடம் கிடந்த பிறகு எல்லா வயரும் சாக்லேட்தான்.

ஜெர்மன்காரர்கள் நிறத்தை மட்டும் நம்பவில்லை. முனைகளுக்கு எண் கொடுத்தார்கள். டிஐஎன் 72552 என்று அதற்கு ஒரு தரநிலையே இருக்கிறது. 30 என்றால் பேட்டரியிலிருந்து நேராக வருவது; 15, சாவிக்குப் பிறகு வருவது; 31 எர்த்; 56ஏ ஹை பீம், 56பி லோ பீம். வரைகிறபோதும் மேலே 30, கீழே 31, நடுவில் ஒவ்வொரு சர்க்யூட்டும் தனித்தனியாகச் செங்குத்தாக இறங்கும். அந்தப் பாகம் வண்டியில் முன்னால் இருக்கிறதா, பின்னால் இருக்கிறதா என்பதைப் பற்றிப் படத்துக்கு அக்கறை இல்லை. லண்டன் சுரங்க ரயிலின் சிக்னல் அலுவலகத்தில் வரைவாளராக இருந்த ஹாரி பெக், 1931-ல் ரயில் வரைபடத்தையும் இப்படித்தான் போட்டார். எந்த ஸ்டேஷன் எத்தனை மைல் என்பதைத் தூக்கி எறிந்துவிட்டு, நேர்கோடும் சாய்கோடுமாக வரைந்தார். 1933-ல் அச்சாகி, ஊரே அதைப் பார்த்து ரயில் ஏறியது. மின்சுற்றுப் படத்தின் சாயலில் வந்தது அந்த வரைபடம் என்பார்கள். ரயிலுக்குக் கிடைத்த தெளிவு பைக் மேனுவலுக்கு மட்டும் வந்து சேரவில்லை.

சரி, நாமே வரைவோம் என்று மகளின் ஸ்கெட்ச் பேனா டப்பாவோடு உட்கார்ந்தேன். முதல் தடங்கல்: வெள்ளைக் காகிதத்தில் வெள்ளை வயரை எப்படி வரைவது? இரட்டைக் கோடாகப் போட்டேன். இரண்டாவது, சுவிட்ச். மேனுவலில் சுவிட்ச் என்பது கட்டம் போட்ட அட்டவணை. எந்த நிலையில் எந்த வயரும் எந்த வயரும் சேரும் என்று வட்டம் வைத்துக் கோடு இழுத்திருப்பார்கள். அதில் பார்த்தால், இந்த மாதிரி சிடிஐ வண்டியில் சாவியை ஆஃப் செய்தால்தான் இன்ஜின் வயர் எர்த்தோடு சேர்கிறது. ஆன் செய்தால் பிரிகிறது. பிரிந்தால் ஓடும், சேர்ந்தால் நின்றுவிடும். இதைப் பற்றி மனைவியிடம் நான் எதுவும் சொல்லவில்லை.

எங்கள் வண்டியின் வியாதி இது: பிரேக்கை மிதித்தால் பின்னால் சிவப்பு வராது, முன்னால் ஸ்பீடாமீட்டர் விளக்கு மங்கலாக எரியும். அசல் படத்தில் எர்த் கோடு தாள் முழுக்கப் பிரதட்சிணம் வந்துகொண்டிருந்ததால் இதன் காரணம் தெரியவே தெரியாது. நான் பிரேக், டெயில், மீட்டர் மூன்றை மட்டும் எடுத்துக்கொண்டேன். மற்றதெல்லாம் இந்தத் தாளுக்கு வரக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். கரண்ட் மேலே, எர்த் எல்லாம் கீழே ஒரே கோட்டில். பின்னால் இருப்பது ஒரே பல்பு, உள்ளே இரண்டு இழை: பிரேக்குக்கு 21 வாட், டெயிலுக்கு 5 வாட். இரண்டுக்கும் எர்த் ஒன்றே. அந்த எர்த்தை விரலால் மறைத்தேன். 21 வாட் இழை வழியாக இறங்கிய கரண்டுக்குக் கீழே வழியில்லை. 5 வாட் இழையில் ஏறி, டெயில் வயரைப் பிடித்து முன்னால் போய், மீட்டர் பல்பு வழியாக எர்த்துக்கு இறங்குகிறது. சின்ன பல்புக்குச் சின்ன கரண்ட் போதும், எரிகிறது. 21 வாட்டுக்கு அது காணாது, கண்ணே திறப்பதில்லை. படம் வரைந்து முடிப்பதற்கு முன்பே பின் மட்கார்டுக்குள் இருக்கும் எர்த் போல்ட் துருப்பிடித்திருக்கிறது என்று எழுதி வைத்துவிட்டேன்.

தாளோடு தெரு முனை மெக்கானிக்கிடம் போனேன். "பேப்பரை மடிச்சு வைங்க சார். கரண்ட் பேப்பர்ல போகாது" என்றார். பழைய இண்டிகேட்டர் பல்பில் இரண்டு வயர் கட்டிய டெஸ்ட் லேம்ப்தான் அவருக்குச் சகலமும். மட்கார்டுக்கு அடியில் கையை விட்டார். "எர்த் இல்ல சார். மழைக்காலம்னாலே இதான்" என்று போல்டைக் கழற்றி உப்புத்தாள் போட்டார். பிரேக் லைட் எரிந்தது. நான் தாளைக் காட்டினேன். இப்போது உட்கார்ந்து பார்த்தார். மீட்டர் பல்பு வரைக்கும் விரலை ஓட்டிவிட்டு, "அட, அதான் முன்னாடி எரிஞ்சுதா?" என்றார். இத்தனை வருடமாகக் குணப்படுத்திக்கொண்டிருந்த நோய்க்குக் காரணத்தை அன்றுதான் கேள்விப்பட்டவர் போல.

இப்போது ஹெட்லைட், ஹாரன், சார்ஜிங் என்று தனித்தனித் தாள்கள் அவர் கடையில் முருகன் காலண்டருக்குக் கீழே ஒட்டியிருக்கின்றன. புது வண்டிகளுக்கும் போட்டுத் தரச் சொல்கிறார். 2017 ஏப்ரல் முதல் ஹெட்லைட் எப்போதும் எரிய வேண்டும் என்று சட்டம் வந்ததில் ஒரு சுவிட்ச் குறைந்தது. டயகிராம் படிப்பவர்களுக்கு அரசாங்கம் செய்த ஒரே உதவி அதுதான். மற்றபடி ஈசியு, ஏபிஎஸ், சென்சார் என்று வயர் பெருகிவிட்டது. கையில் ஸ்கெட்ச் பேனா போதாது.

போன வாரம் ஹாரனுக்காக வண்டியை விட்டிருந்தேன். பில்லில் புதிதாக ஒரு வரி: 'டயகிராம் பார்த்த சார்ஜ் ரூ. 50.'

"அது நான் வரைஞ்சதுப்பா" என்றேன்.

"ஆமா சார். ரொம்பத் தெளிவா இருந்துச்சு. அதான் அம்பதோட விட்டுட்டேன்."