குத்துவிளக்கும் குவாண்டமும்

1914 ஜனவரியில் கல்கத்தா ஆசியக் கழகத்தில் இந்திய அறிவியல் மாநாடு முதன்முதலாகக் கூடியபோது வந்தவர்கள் 105 பேர், வாசிக்கப்பட்ட கட்டுரைகள் 35. தலைமை அசுதோஷ் முகர்ஜி. தலைவர் பெயர் வரலாற்றில் நிற்கும். நாற்காலி போட்டவர் பெயர் நிற்காது.

நாற்காலி போடுபவருக்கு இன்று ‘நிகழ்வு மேலாளர்’ என்று பட்டம் கிடைத்திருக்கிறது. அறிவியல் சங்கம் எதிலாவது அவர் படும் பாட்டைப் பாருங்கள். ஒளி நொடிக்கு ஏறத்தாழ 3 லட்சம் கிலோமீட்டர் ஓடும் என்று பாடம் எடுப்பவரின் ஆய்வுச்சுருக்கம், கடைசித் தேதிக்குப் பிறகுதான் வந்து சேரும். தேதியை நீட்டிக்காத மாநாடு இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை. நானோநொடியை அளப்பவர் 15 நிமிட உரையை 40 நிமிடம் ஆற்றுவார். கண்ணுக்குத் தெரியாத துகளை ஆராய்பவருக்கு, முன்வரிசையில் மணி அடிப்பவர் மட்டும் தெரியமாட்டார்.

தொடக்க விழாவில் அமைச்சருக்காக ஒன்றரை மணி நேரம் காத்திருந்த அரங்கம், அந்தக் கடனை ஆய்வு மாணவர்களின் நேரத்தை வெட்டி அடைக்கும். குத்துவிளக்கு அணையாதிருக்க ஏ.சி.யை நிறுத்துவதுதான் அன்றைய ஒரே வெப்ப இயக்கவியல் செய்முறை. பிறகு பொன்னாடை, நினைவுப் பரிசு, ஒருவர் விடாமல் நன்றி; அதற்குள் சாப்பாட்டு மணி.

பங்கேற்புச் சான்றிதழை மாலையில்தான் தர வேண்டும். காலையிலேயே தந்துவிட்டால், பிற்பகல் அமர்வில் பேச்சாளரும் புரொஜெக்டரும் மட்டுமே மிஞ்சுவார்கள். எந்த ஊரில், எந்தத் துறையில் சோதித்தாலும் முடிவு மாறுவதில்லை. மாநாட்டில் ஐயமற நிரூபிக்கப்பட்ட உண்மை அது ஒன்றுதான்.