கடியும் காகமும்: தீவகத்துத் தோல் அரிப்பின் காரணம் காணும் முறை பற்றிய ஓர் ஆய்வு

தமிழகத்து வாசகர் ஒருவரிடம் ‘உடம்பு கடிக்குது’ என்று சொன்னால், எது கடித்தது, நாயா எறும்பா என்று கேட்பார். யாழ்ப்பாணத்தை அடுத்த தீவகத்தில் அப்படிக் கேட்க ஆளில்லை. ஊர்காவற்றுறையிலும் நயினாதீவிலும் நெடுந்தீவிலும் உடம்பு கடிக்கிறது என்றால் உடம்பு அரிக்கிறது என்றே பொருள். கடிப்பதும் உடம்பு, கடிபடுவதும் உடம்பு. குற்றவாளியும் குற்றத்துக்கு ஆளானவரும் ஒருவரே என்று இலக்கணமே தீர்ப்புக் கூறிவிட்டதால், மூன்றாவது ஆளைத் தேடும் வேலை தொடக்கத்திலேயே சிக்கலாகிவிடுகிறது. 1660இல் சாமுவேல் ஹாஃபென்ரெஃபர் என்ற ஜேர்மன் வைத்தியர், சொறியத் தூண்டும் இன்னாத உணர்ச்சியே அரிப்பு என்று வரையறுத்தார். அந்த வரையறை இன்றும் பாடநூல்களில் நிற்கிறது. ஆகவே கடி என்றால் என்ன என்பது முடிந்துபோன விடயம். அது எதனால் வருகிறது என்பதுதான் திண்ணைகளில் இன்னும் நிலுவையில் கிடக்கிறது. இக்கட்டுரை அந்த நிலுவை வழக்கில் தலையிடுகிறது.

திண்ணை ஆராய்ச்சியில் மூன்று கொள்கைகள் நிலைபெற்றுள்ளன. முதலாவது, சில உணவுகளே கடியைக் கொண்டுவரும் என்னும் கிரந்திக் கொள்கை. நண்டு, இறால், கணவாய், கத்தரிக்காய், அன்னாசி என்று நீளும் இதன் குற்றப்பட்டியலில் இருப்பவை பெரும்பாலும் ருசியானவை என்பது கவனிக்கத்தக்கது. புழுங்கலரிசிக் கஞ்சியைக் கிரந்தி என்று யாரும் ஒதுக்கியதில்லை. இரண்டாவது தண்ணிக் கொள்கை. நாற்புறமும் கடல் சூழ்ந்த நிலத்தில் கிணறு உவர்க்கும், உவர்த் தண்ணியில் குளித்தால் தோல் வெடிக்கும், வெடித்தால் கடிக்கும் என்பது அதன் வாதம். வேலணைச் சாட்டியின் நல்ல தண்ணியைத் தீவகம் இவ்வளவு மதிப்பதற்குப் பின்னால் இக்கொள்கையும் உண்டு. மூன்றாவது காற்றுக் கொள்கை: சோளகம் புழுதியைக் கொண்டுவருகிறது, வாடை குளிரைக் கொண்டுவருகிறது, இரண்டும் கடியைக் கொண்டுவருகின்றன. நாகதோஷமும் கண்ணூறும் இவ்வாய்வுக்கு வெளியே விடப்படுகின்றன. நயினை நாகபூசணி அம்மனின் அதிகார எல்லைக்குள் நுழைய இக்கட்டுரைக்குத் தகுதி இல்லை. மீதி மூன்று கொள்கைகளுக்கும் பொதுவான குறை ஒன்று உண்டு. அவை கேள்வி கேட்பதற்கு முன்பே விடையைச் சொல்லிவிடுகின்றன.

இந்தக் குறைக்குத் தருக்க நூலோர் எப்போதோ பெயர் வைத்துவிட்டார்கள். காகதாலீய நியாயம் என்பது அது. காகம் வந்து இருந்தது, பனம்பழம் விழுந்தது, ஆகவே காகமே விழுத்தியது. தாலம் என்றால் பனை. பனை இல்லாத ஊரார் இதை உவமை என்று படிப்பார்கள், தீவகத்தாருக்கோ இது ஆவணி மாதத்துச் செய்தி. கடி விடயத்தில் காகத்தின் இடத்தில் எப்போதும் நண்டே இருக்கிறது. கடைசியாகச் சாப்பிட்டது எதுவோ, நினைவில் நிற்குமளவு ருசித்தது எதுவோ, அதுவே குற்றவாளி. ஐயத்துக்குரிய உணவை நிறுத்தி, பின்னர் ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பார்ப்பது நவீன வைத்தியம் காட்டும் மாற்றுவழி. அதை வகுத்தவர்கள் ஒடியற் கூழைக் கண்டிருக்க மாட்டார்கள். ஒரே பானையில் ஒடியல் மா, நண்டு, இறால், மீன் தலை, பயற்றங்காய், பலாக்கொட்டை, மரவள்ளி, செத்தல் மிளகாய், பழப்புளி எல்லாம் கரைந்து, பனையோலைப் பிளாவில் வார்க்கப்பட்ட பிறகு, எந்த ஆய்வாளர் எதை ஒவ்வொன்றாகச் சேர்ப்பது? கூழ் என்பது சாட்சிகள் அனைவரும் ஒரே வாக்குமூலத்தில் கையொப்பமிட்ட வழக்கு.

ஆகவே பானைக்குள் தேடுவதை நிறுத்திவிட்டு மணிக்கூட்டைப் பார்க்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் கருத்து. கடியை உண்டாக்கும் ஒவ்வொன்றுக்கும் அதற்கே உரிய தாமதம் உண்டு. அந்தத் தாமதத்தை அதனால் மறைக்க முடியாது. காஞ்சோண்டி பட்ட கணமே கத்த வைக்கும். முருங்கை மரத்து மசுக்குட்டியின் மயிர் சில நிமிடங்களில் தன்னை அறிவிக்கும். நண்டும் இறாலும் ஒவ்வாதவருக்குப் பெரும்பாலும் சில நிமிடங்களிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் தடிப்பு எழும். கறுத்தக்கொழும்பான் மாங்காயின் காம்பில் வடியும் பால் பட்டு ஒவ்வாமை கொள்பவருக்கு வாயோரம் தடிப்பதற்கு ஒன்றிரண்டு நாள் செல்லும். அதற்குள் அவர் மாம்பழத்தை மறந்து, நேற்றைய நண்டை நினைத்துக்கொண்டிருப்பார். எல்லாவற்றிலும் நிதானமானது சிரங்கு. சிற்றுண்ணி முதன்முறை தோலில் குடியேறி நான்கு முதல் ஆறு கிழமைக்குப் பிறகே கடி தொடங்குகிறது. அதற்குள் அதைக் கொண்டுவந்த விருந்தாளி குறிகட்டுவான் துறையில் இறங்கி, கட்டுநாயக்காவில் விமானம் ஏறி, ரொறன்ரோவில் மூன்று கலியாண வீடுகளையும் முடித்திருப்பார். நண்டு மட்டும் பிடிபடுவதற்கு வசதியாகச் சட்டியிலேயே இருக்கிறது.

சிரங்கின் வரலாறு இந்த ஆய்வுக்கு இன்னொரு வகையிலும் உதவுகிறது. 1687இல் இத்தாலிய வைத்தியர் போனோமோ, சிரங்கின் காரணம் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் இருக்கும் ஒரு சிற்றுண்ணி என்று எழுதினார். ஏழைத் தாய்மார் ஊசி முனையால் பிள்ளைகளின் தோலிலிருந்து அதைக் கிள்ளி எடுப்பதையும் குறிப்பிட்டார். கற்றோர் நம்பவில்லை. 1812இல் பாரிஸில் கலே என்பவர் அந்த உயிரியைக் காட்டிப் புகழ்பெற்றார். பின்னாளில் அது பாலாடைக்கட்டியில் வாழும் வேறொரு உண்ணி என்று தெரியவந்தது. கடைசியில் 1834இல், கோர்சிகாத் தீவிலிருந்து படிக்க வந்த ரெனுச்சி என்ற மாணவர், பாரிஸ் வைத்தியசாலையில் பேராசிரியர்கள் முன்னிலையில் ஊசியால் உண்மையான உண்ணியை எடுத்துக் காட்டினார். அந்த வித்தையை அவர் கற்றது எந்தப் பல்கலைக்கழகத்திலும் அல்ல, தன் தீவின் பெண்களிடம். ஒரு தீவின் அம்மம்மாமார் அறிந்திருந்ததை ஐரோப்பா ஏற்க ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டு எடுத்தது. தீவகத்து அம்மம்மாமாரின் கிரந்திப் பட்டியலைச் சிரித்து ஒதுக்குவோர் இதை மனதில் கொள்வது நல்லது. கோர்சிகாப் பெண்கள் ஊசியால் எடுத்துக் காட்டியதை இவர்கள் இன்னும் காட்டவில்லை என்பது மட்டுமே வேறுபாடு.

மணிக்கூடு தனியாகச் சாட்சி சொன்னால் போதாது. இடமும் சொல்ல வேண்டும். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் இந்தியாவிலிருந்த அமெரிக்கப் படையினருக்குப் பிடரியில் காரணம் தெரியாத கொப்புளங்கள் எழுந்தன. அவர்கள் தின்றதையும் குடித்ததையும் ஆராய்ந்திருந்தால் வழக்கு இன்றும் நடந்துகொண்டிருக்கும். கொப்புளம் இருந்த இடத்தில் சட்டைக் கழுத்துப் பட்டி இருந்தது. பட்டியில் சலவைத் தொழிலாளர் சேங்கொட்டைச் சாற்றால் இட்ட அடையாளக் குறி இருந்தது. 1943இல் இது மருத்துவ ஏட்டில் பதிவாயிற்று. சேங்கொட்டை மாமரத்தின் குடும்பத்தது என்பதால் மேலே சொன்ன மாங்காய்ப் பாலுக்கும் இது உறவு. பாதீனியம் என்ற செடியையும் இடமே காட்டிக்கொடுக்கிறது. 1950களின் நடுவில் புனேயில் கவனிக்கப்பட்டு, 1987இல் இந்தியப் படைக்கென வந்த ஆடுகளோடு யாழ்ப்பாணத்துக்கு வந்ததாகச் சொல்லப்படும் இந்தச் செடி, தொடாதவரையும் பிடிக்கிறது. அதன் தூள் காற்றில் வந்து முகம், கண்ணிமை, கழுத்து, முழங்கை மடிப்பு ஆகியவற்றில் படிகிறது. சட்டைக்குள் ஒன்றுமில்லை, வெளியே மட்டும் கடி என்றால் நண்டுக்கு அங்கே வேலையில்லை. காற்றுக் கொள்கையினர் இந்த ஓர் இடத்தில் தோள் தட்டிக்கொள்ளலாம்.

மூன்றாவது சாட்சி, வேறு யாருக்குக் கடிக்கிறது என்ற கேள்வி. வெயிலில் கிடந்த சூரையிலோ சாளையிலோ கிருமிகள் பெருகினால் ஹிஸ்டமின் என்ற பொருள் சேர்கிறது. எவ்வளவு நேரம் கொதிக்க வைத்தாலும் அது அழியாது. அதை உண்டவர்களில் பலருக்கு ஒன்றாக முகம் சிவந்து உடம்பு கடிக்கும். அங்கே தவறு மீனை வைத்திருந்த விதத்தில்தான், உண்டவரின் உடம்பில் அல்ல. பத்துப்பேர் உண்ட கூழில் ஒருவருக்கு மட்டும் கடித்தால் அது ஒவ்வாமை என்று ஐயப்பட இடமுண்டு. உண்ணாதவருக்கும் கடித்து, இரவில் கூடி, விரல் இடுக்கில் தொடங்கினால் அது சிரங்கு. வீட்டார் எல்லோரும், கடிக்காதவரும் சேர்ந்து, ஒரே நேரத்தில் மருந்து பூசாமல் அது போகாது.

தண்ணிக் கொள்கையினர் இங்கே எழுந்து நின்று, உவர்த் தண்ணி தோலை வறட்டுவது பொய்யா என்று கேட்பார்கள். பொய்யல்ல. ஆனால் நாற்பது வருடம் குளித்த கிணறு போன செவ்வாய்க்கிழமை தொடங்கிய கடியை விளக்காது. மாறாதது மாற்றத்துக்குக் காரணமாக முடியாது. கோடையில் தண்ணி வற்றி உவர் கூடியது என்று காட்டினால் வழக்கை மீண்டும் திறக்கலாம். கிரந்திக் கொள்கையினரின் தடை இதைவிட வலுவானது: நண்டை நிறுத்தினோம், கடி நின்றது. பெரும்பாலான தடிப்புகள் சில நாள்களிலோ கிழமைகளிலோ தாமாகவே அடங்கும் இயல்புடையவை. காகம் பறந்தது, பழம் விழுவதும் நின்றது. அதற்குக் காரணம் பழம் தீர்ந்தமை. நண்டை மீண்டும் உண்டு, மீண்டும் அதே நேரக் கணக்கில் கடி வந்தால்தான் குற்றம் நிறுவப்படும். ஆனால் அந்தச் சோதனையை வைத்தியர் அருகிருக்கச் செய்ய வேண்டும், திண்ணையில் அல்ல. மூன்று கேள்விக்கும் விடை இல்லாமற்போனால் என்ன என்பது கடைசித் தடை. ஆறு கிழமைக்கு மேல் நீளும் தடிப்பு பலருக்குக் காரணம் காட்டாமலே வந்து போகிறது. வைத்தியர்கள் அதைத் தானாகத் தோன்றியது என்று எழுதுகிறார்கள். நமக்குச் சுயம்பு என்ற சொல் ஏற்கனவே இருக்கிறது. காரணம் இல்லை என்பதும் ஒரு முடிவே. திண்ணை மட்டும் அதை ஏற்பதில்லை.

முடிவாக: நண்டு நிரபராதி என்று இக்கட்டுரை கூறவில்லை. சாப்பிட்ட பின் வரும் இரண்டு மணி நேரத்துக்கு மட்டுமே அதை விசாரிக்கலாம்; அதற்கு அப்பால் ஐயத்தின் பயன் நண்டுக்கே. தடிப்பைச் சுற்றிப் பேனாவால் வட்டம் போட்டு மறுநாள் பார்க்கலாம். வட்டத்துக்குள் மறைந்து வேறிடத்தில் எழுந்தால் அது ஒரு வகை, அங்கேயே நிலைத்தால் வேறு வகை. உதடு வீங்கினாலோ மூச்சு முட்டினாலோ ஆராய்ச்சி வேண்டாம். நெடுந்தீவிலிருந்து குறிகட்டுவானுக்குக் கடற்பயணமே ஏறக்குறைய ஒரு மணி நேரம் என்பதால், படகைப் பாராமல் தீவிலுள்ள வைத்தியசாலைக்கு ஓட வேண்டும். மற்ற எல்லாக் கடிக்கும் வாசகர் முதலில் மணியைப் பார்க்கவும். அதன் பிறகு சொறியலாம்.