பணம் போட்டும் ஓடாத கேமிங் கம்ப்யூட்டர்: அசெம்பிள் செய்ய எளிய வழிகள்

ரெடிமேட் கம்ப்யூட்டரை யார் வேண்டுமானாலும் வாங்கிவிடலாம். பாகம் பாகமாகப் பொறுக்கி, ஒன்றோடொன்று ஒட்டாதபடி சேர்க்கத்தான் திறமை வேண்டும். அது உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. அதை ஒழுங்குபடுத்தித் தருவது மட்டுமே என் வேலை. கையில் 25,000 ரூபாய் இருந்தாலும் 3 லட்சம் இருந்தாலும் சூத்திரம் ஒன்றுதான்: கண்ணுக்குத் தெரிவதற்குச் செலவழியுங்கள், வேலை செய்வதற்குச் செலவழிக்காதீர்கள்.

கிளம்புவதற்கு முன்

1. எந்த கேம் ஆடப்போகிறீர்கள் என்று யோசிக்காதீர்கள். வேலரண்ட் ஆடுகிறவருக்கு ஓரளவு நல்ல ப்ராசசரும் வேகமான மானிட்டரும் போதும். சைபர்பங்க் 2077 ஆடுகிறவர் கிராபிக்ஸ் கார்டில்தான் பணத்தைக் கொட்ட வேண்டும். இதை முதலிலேயே தீர்மானித்துவிட்டால் கடைக்காரருக்கு என்ன வேலை?

2. வீட்டில் "ஆட்டோகேட் ஓட்டணும்ப்பா" என்று சொல்லுங்கள். நீங்கள் பி.காம். படிப்பது அப்பாவுக்கு ஞாபகம் வருவதற்குள் பணத்தை வாங்கிவிடுங்கள்.

3. மானிட்டரை பட்ஜெட்டில் சேர்க்காதீர்கள். யுபிஎஸ், விண்டோஸ் லைசென்ஸ், ஆட்டோ கூலி எதையும் சேர்க்காதீர்கள். கணக்கு அழகாக வரும்.

சென்னை ரிச்சி தெருவில்

4. முதல் கடையிலேயே நுழைந்து, "அண்ணா, நல்ல கேமிங் பிசி என்ன ஆகும்?" என்று கேளுங்கள். "உங்க பட்ஜெட் என்ன தம்பி?" என்பார். உண்மையைச் சொல்லிவிடுங்கள். கொட்டேஷன் அந்தத் தொகைக்கு 500 ரூபாய் கீழே வந்து நிற்கும். அவருக்கு நன்றி சொல்லுங்கள்.

5. பில் வேண்டாம் என்று சொல்லி 18 சதவீத ஜிஎஸ்டியை மிச்சம் பிடியுங்கள். பெட்டியோடு வரும் ப்ராசசருக்கு 3 ஆண்டு வாரண்டி உண்டு. ஆனால் எந்தப் பாகத்துக்கும் வாரண்டி கேட்கப் போனால் முதலில் பில்லைத்தான் கேட்பார்கள். அதனாலென்ன, உங்கள் கம்ப்யூட்டர் கெட்டா போகப்போகிறது?

பட்ஜெட் 25,000

6. "ஐ7" என்று எழுதியிருப்பதை வாங்குங்கள். எந்தத் தலைமுறை என்று கேட்பது மரியாதைக் குறைவு. ஐ7-2600 கூட ஐ7தான், 2011-இல் வந்தது. விண்டோஸ் 11-க்கு 8-ஆம் தலைமுறை இன்டெலாவது வேண்டும் என்பது மைக்ரோசாஃப்டின் கணக்கு. குறுக்கு வழியில் ஏற்றிவிடுங்கள். ஏற்றியபின் டிபிஎம் 2.0 பாதுகாப்பு வசதி எங்கே என்று கேட்டு வேலரண்ட் உங்களை வாசலிலேயே நிறுத்தும். பரவாயில்லை, சாலிடேர் இருக்கிறது.

7. "4 ஜிபி கிராபிக்ஸ் கார்டு" வேண்டும் என்று அடம்பிடியுங்கள். ஜிபி எத்தனை என்பதை மட்டும் பாருங்கள், எந்த சிப் என்று பார்க்காதீர்கள். 2014-இல் வந்த ஜிடி 730 கார்டு 4 ஜிபியிலும் கிடைக்கிறது. பெட்டியின் மேல் டிராகன் படம் கூட இருக்கலாம்.

8. ரைசன் 5 5600ஜி வாங்கு, அதற்குள்ளேயே இருக்கும் கிராபிக்ஸ் அந்த ஜிடி 730-ஐ விட வேகம் என்று எவராவது சொன்னால் நம்பாதீர்கள். உள்ளே இருப்பது யார் கண்ணுக்குத் தெரியும்? மீறி வாங்கிவிட்டால், ரேமை 8 ஜிபி இரண்டாகப் போடாமல் 16 ஜிபி ஒற்றைக் குச்சியாகப் போடுங்கள். உள்ளிருக்கும் கிராபிக்ஸுக்குச் சொந்த மெமரி கிடையாது, ரேமிலிருந்துதான் எடுத்துக்கொள்ளும். ஒற்றைக் குச்சி என்றால் அதற்குப் பாதை பாதியாகிவிடும். ஒரு ஸ்லாட் காலியாகக் கிடக்கும். "அப்புறம் அப்கிரேட் பண்ணலாம்" என்று பத்து வருடம் சொல்லிக்கொண்டிருக்கலாம்.

பட்ஜெட் 60,000

9. பாதிப் பணத்தை ப்ராசசரில் போடுங்கள். மீதியில் மதர்போர்டு, ரேம், கேபினெட் எல்லாம் முடித்துவிட்டு, மிச்சம் இருக்கும் சில்லறைக்கு என்ன கார்டு வரும் என்று கேளுங்கள். எட்டு கோர் ப்ராசசர் வேலையில்லாமல் காத்திருக்க, கார்டு மட்டும் மூச்சு வாங்கும்.

10. இன்னும் துணிச்சல் இருந்தால் கார்டே வாங்காதீர்கள். பெயரின் கடைசியில் "எஃப்" போட்ட இன்டெல் ப்ராசசரை, உதாரணத்துக்கு ஐ5-12400எஃப், விலை குறைவு என்று எடுத்துக்கொண்டு, "கார்டை தீபாவளி ஆஃபர்ல பாத்துக்கலாம்" என்று முடிவெடுங்கள். எஃப் என்றால் உள்ளே கிராபிக்ஸ் கிடையாது என்று பொருள். விசிறி சுற்றும், விளக்கு எரியும், திரை மட்டும் தீபாவளி வரை கறுப்பாக இருக்கும். கண்ணுக்கு நல்லது.

11. அல்லது பழைய கார்டாக வாங்குங்கள். 2022 செப்டம்பரில் ஈத்திரியம் என்ற டிஜிட்டல் நாணயம் தன் முறையை மாற்றிக்கொண்டு, கிராபிக்ஸ் கார்டால் நாணயம் தோண்டும் தொழிலுக்கு மூடுவிழா நடத்தியது. இரவு பகலாக உழைத்த கார்டுகள் ஏராளமாகச் சந்தைக்கு வந்தன. விற்பவர் "லைட்டா யூஸ் பண்ணதுதான் பாஸ்" என்றால் அதோடு விட்டுவிடுங்கள். ஓட்டிக் காட்டச் சொல்வது நட்புக்கு அழகல்ல.

பட்ஜெட் 1.2 லட்சம்

12. இப்போதுதான் விளக்கு போடும் வயது. முதலில் கேபினெட்டைத் தேர்ந்தெடுங்கள், அதற்குப் பொருத்தமாக மற்றதை. முன்பக்கம் காற்று புக வழியில்லாமல் முழுக் கண்ணாடியாக இருக்கட்டும். அக்னி நட்சத்திரத்தில் சென்னை 40 டிகிரியைத் தாண்டும்போது உள்ளே ஏழு வண்ணத்திலும் வெந்துகொண்டிருக்கும் கார்டைப் பார்த்து ரசிக்கலாம்.

13. ரைசன் 5 7600 வாங்கினால் பெட்டியிலேயே ஒரு கூலர் இலவசமாக வரும். அது 65 வாட் ப்ராசசர். அந்தக் கூலரே தாங்கும். தூக்கி ஓரமாக வைத்துவிட்டு, மூன்று விசிறி கொண்ட லிக்விட் கூலர் வாங்குங்கள். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்று பெரியவர்கள் சொன்னதை இந்தக் காலத்துக்குக் கொண்டுவந்த பெருமை உங்களையே சேரும்.

14. அதே ப்ராசசருக்கு டிடிஆர்4 ரேம் வாங்குங்கள், விலை குறைவாக இருந்தால். அது உட்காரும் ஏஎம்5 போர்டுகள் டிடிஆர்5 மட்டுமே ஏற்கும். இரண்டுக்கும் நடுவிலுள்ள வெட்டு வேறு இடத்தில் இருக்கிறது. உள்ளே போகவில்லையா? கட்டைவிரலால் இன்னும் கொஞ்சம் அழுத்துங்கள்.

பட்ஜெட் 3 லட்சம்

15. ஆர்டிஎக்ஸ் 5080 வாங்குங்கள். அதை அண்ணன் கல்லூரிக் காலத்தில் வாங்கிய 60 ஹெர்ட்ஸ் மானிட்டரில் மாட்டுங்கள். கார்டு விநாடிக்கு 200 படம் தள்ளினாலும் அந்தத் திரை மாற்றிக் காட்டுவது 60 தடவைதான். நண்பர்களிடம் 200 என்றே சொல்லுங்கள். அவர்களும் பொய்தான் சொல்கிறார்கள்.

16. அந்தக் கார்டுக்கு மட்டும் 360 வாட் வரை வேண்டும். வீட்டிலிருக்கும் 600 விஏ யுபிஎஸ்ஸின் மொத்தச் சக்தியும் பெரும்பாலும் அதே 360 வாட்தான். இரண்டும் சரியாகப் பொருந்துகிறதே என்று மகிழ்ந்து மாட்டுங்கள். ப்ராசசரும் மானிட்டரும் காற்றைக் குடித்து வாழட்டும். கரன்ட் போகும் நொடியில் யுபிஎஸ் கீச்சென்று கத்திவிட்டுத் தானும் போகும்.

17. கார்டின் 16 பின் கேபிளைப் பாதி மட்டும் செருகுங்கள். 2022-இல் சில ஆர்டிஎக்ஸ் 4090 கார்டுகளில் இந்த இணைப்பு உருகியது. முழுதாகச் செருகாததுதான் பொதுவான காரணம் என்று என்விடியா சொன்னது. டக்கென்று சத்தம் வரும்வரை அழுத்துவதற்கு நாம் என்ன மெக்கானிக்கா?

எல்லா பட்ஜெட்டுக்கும் பொது

18. எஸ்எம்பிஎஸ்ஸுக்குப் பணம் கொடுக்காதீர்கள். கேபினெட்டோடு இலவசமாக வரும். ஸ்டிக்கரில் 450 வாட் என்று பெரிதாக எழுதியிருக்கும். அதோடு படிப்பதை நிறுத்துங்கள். கீழே பொடி எழுத்தில் 12 வோல்ட் வரிசை ஒன்று உண்டு. அங்கே 16 ஆம்பியர் என்றிருந்தால் 12-ஐ 16-ஆல் பெருக்கிப் பார்க்காதீர்கள். 192 வாட் வரும். ப்ராசசரும் கார்டும் வாழ்வது அந்த வரிசையை நம்பித்தான். இப்படிப்பட்ட எஸ்எம்பிஎஸ் போகும்போது தனியாகப் போகாது, மதர்போர்டையும் துணைக்கு அழைத்துப் போகலாம்.

19. மூன்று பின் பிளக் சுவரில் நுழையவில்லையென்றால் எர்த் பின்னை உடைத்துவிடுங்கள். கேபினெட்டைத் தொடும்போதெல்லாம் சுர்ரென்று இழுக்கும். கம்ப்யூட்டர் ஆனில் இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள வசதி.

20. கூலரின் அடியில் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளைக் கிழிக்காதீர்கள். புதுசு புதுசாகவே இருக்கட்டும். சோபாவின் கவரையே நாம் கிழிப்பதில்லை.

கடைசியாக, காசே செலவில்லாத நான்கு

21. இவற்றைக் கண்டிப்பாகச் செய்யக் கூடாது:

ரேம் இரண்டையும் போர்டின் கையேடு சொல்லும் ஸ்லாட்டுகளில், பெரும்பாலும் இரண்டாவதிலும் நான்காவதிலும், போடுவது.

பயாஸில் எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போவை ஆன் செய்வது. செய்யாவிட்டால் 6000 என்று எழுதிய டிடிஆர்5 ரேம் பெரும்பாலும் 4800-இல்தான் ஓடும்.

மானிட்டர் கேபிளை மதர்போர்டிலிருந்து பிடுங்கி கிராபிக்ஸ் கார்டில் மாட்டுவது.

விண்டோஸ் டிஸ்ப்ளே செட்டிங்கில் 60 ஹெர்ட்ஸை 144 ஆக மாற்றுவது.

நான்குக்கும் சேர்த்துப் பத்து நிமிடம் ஆகாது. போட்ட பணத்துக்கான வேகம் அப்போதே வந்துவிடும். வந்துவிட்டால் புதுக் கார்டு வாங்க வீட்டில் என்ன காரணம் சொல்வீர்கள்? ஆகவே எதையும் தொடாதீர்கள். "ஸ்லோவா இருக்கு" என்று சொல்லிக்கொண்டே அடுத்த பட்ஜெட்டுக்குக் காசு சேருங்கள்.