கிராம் பெரியப்பா

ரிட்டயர் ஆனவர்களில் சிலர் கோயில் கமிட்டியில் சேர்வார்கள். சிலர் அடுக்குமாடிச் சங்கத்துக்குச் செயலாளராகி, தண்ணீர் மோட்டாரைக் கைப்பற்றுவார்கள். மூன்றாவது வகை, கையில் டிஜிட்டல் தராசோடு சமையலறைக்குள் நுழையும். அவர்தான் கிராம் பெரியப்பா. அநேகமாக எல்லாக் குடும்பத்திலும் ஒருவர் இருப்பார். இல்லையென்றால் கூடிய சீக்கிரம் ஒருவர் ரிட்டயர் ஆவார்.

“ஒரு கப் மைதா” என்று பெரியம்மா வாயெடுத்தால் போதும். “எந்தக் கப்? தலை தட்டியா, கோபுரமாவா? சலிச்சா, சலிக்காமலா?”

கேள்வி நியாயமானதுதான், அதைச் சொல்லிவிட வேண்டும். 240 மில்லி கப்பில் மைதாவைக் கரண்டியால் மெதுவாகப் போட்டு வழித்தால் சுமார் 120 கிராம். டப்பாவுக்குள்ளேயே கப்பை விட்டு அள்ளினால் 150 வரை போகும். கேக் செங்கல்லாவது இந்த முப்பதில்தான். அதே கப்பில் சர்க்கரை 200 கிராம் பிடிக்கும். ஒரு லிட்டர் எண்ணெய் பாக்கெட்டில் 910 கிராம் என்று அச்சடித்திருப்பதைப் பார்த்து, மீதி 90 கிராம் எங்கே என்று கடைக்காரரிடம் சண்டைக்குக் கிளம்பிய எதிர்வீட்டுக்காரரை மாடிப்படியிலேயே நிறுத்தி, எண்ணெய் தண்ணீரில் மிதப்பதேன் என்று வகுப்பெடுத்துத் திருப்பி அனுப்பியவரும் இவரே.

எங்கே நிறுத்துவது என்பதுதான் அவருக்குத் தெரியாது. இட்லிக்கு நாலுக்கு ஒன்று. டம்ளர் எவ்வளவு பிடித்தால் என்ன? அரிசிக்கும் உளுந்துக்கும் அதே டம்ளர் என்றால் கணக்கு சரி. பெரியப்பா விடுவாரா? இரண்டையும் தனித்தனியாக நிறுத்து, வகுத்து, “நாலு இல்லடி, 3.9! கல்யாணம் ஆன நாளிலிருந்து தப்பாப் போட்டிருக்கே” என்று அறிவித்தார். அந்தக் கல்யாண காலம் முழுக்க அதே இட்லியை எட்டு எட்டாக உள்ளே தள்ளியவர் யார் என்று பெரியம்மா கேட்கவில்லை. அரிசியை ஊறப்போடாமல் எழுந்து போய்விட்டார். மறுநாள் உப்புமா.

தராசில் ஏறாத பொருளும் உண்டு. பெருங்காயம் ஒரு சிட்டிகை வைத்தார்; பூஜ்யம். இன்னொரு சிட்டிகை; பூஜ்யம். பேட்டரி போயிருக்குமோ என்று திருப்பிப் பார்த்துவிட்டு மூன்றாவதையும் வைத்தார். எண் அசையவில்லை, மாடி வீட்டுக்காரர் மட்டும் எட்டிப் பார்த்து, “என்ன, இன்னிக்கு ரசமா?” என்றார். சரி, உப்பையாவது நிறுப்போம் என்று கிண்ணத்தை வைத்து, கிண்ணத்தின் எடையைக் கழிக்கும் டேர் பட்டனை அமுக்கி, உப்பைப் போட்டுவிட்டு, கல்லுப்புக்கும் தூளுப்புக்கும் ஒரு ஸ்பூனில் எவ்வளவு வித்தியாசம் என்று விளக்கத் தொடங்கினார். விளக்கம் முடிவதற்குள் தராசு தானாக அணைந்தது. மறுபடி போட்டபோது உப்பையும் கிண்ணமாகவே எண்ணிக்கொண்டு பூஜ்யம் காட்டியது.

இப்போது அவருடைய பெரிய திட்டம், மீனாட்சி அம்மாளின் ‘சமைத்துப் பார்’. 1951-இல் வந்த புத்தகம். வீட்டில் இருப்பது பழைய பதிப்பு. பலம் 35 கிராம், வீசை 1,400 கிராம் என்று எக்செல்லில் விறுவிறுவென்று ஏற்றியவர், ஆழாக்கில் வந்து மாட்டிக்கொண்டார். எட்டு ஆழாக்கு ஒரு படி. ஆனால் எந்தப் படி? பட்டணம் படியா, சின்னப் படியா? அந்தக் கட்டம் மட்டும் இன்னும் மஞ்சளாகவே நிற்கிறது. ரைஸ் குக்கரோடு வந்த கப் 180 மில்லிதான் என்று தெரிந்த அன்று அவருக்குத் தூக்கம் போனது. ஆஸ்திரேலியாவில் டேபிள் ஸ்பூன் 15 மில்லி இல்லை, 20 என்று தெரிந்ததும், மெல்போர்னில் இருக்கும் மகளை நடுராத்திரியில் எழுப்பிச் சொன்னார். அவள், “அப்பா, நான் கைல அள்ளித்தான் போடறேன்” என்று சொல்லிப் படுத்துவிட்டாள். கை எவ்வளவு பிடிக்கும் என்று கேட்பதற்குள் லைன் போய்விட்டது.

போன மாதம் சொந்தத்தில் ஒரு கல்யாணம். பெரியப்பா நேராக மடைப்பள்ளிக்குப் போய்த் தலைமைச் சமையல்காரரைப் பிடித்துக்கொண்டார். “ஆளுக்கு எத்தனை கிராம் அரிசி போடறீங்க?”

அவர் சாம்பார் அண்டாவிலிருந்து தலையைத் தூக்காமல், “பந்திக்கு வர்றவங்களை எடை போட்டுச் சொல்லுங்க சார், நான் அரிசியை எடை போட்டுச் சொல்றேன்” என்றார்.

உதவியாளர்கள் சிரித்தார்கள். பெரியப்பா சிரிக்கவில்லை. யோசனை சரியாகத்தான் இருக்கிறது என்று தலையாட்டியபடி, மண்டபத்தில் எடை மெஷின் இருக்கிறதா என்று மேனேஜரைக் கேட்கப் போனார்.