ஏதோ ஓடுது

எங்கள் தெருவில் ஒருவர் மூன்று மாடி கட்டி, இரண்டை வாடகைக்கு விட்டு, மொட்டை மாடியில் செல்போன் டவருக்கும் இடம் கொடுத்திருக்கிறார். அவரிடம் எப்போது "எப்படிப் போகுது?" என்று கேட்டாலும் "ஏதோ ஓடுது சார்" என்பார். அவர் வீட்டு மதில் ஓரமாக வண்டி போட்டு இஸ்திரி தேய்க்கிறவரிடம் கேட்டாலும் அதே பதில்தான். என்ன, இஸ்திரிக்காரர் அதைச் சிரித்துக்கொண்டே சொல்வார்.

தமிழ்நாட்டில் வசதியானவர்கள் என்று யாரும் கிடையாது. அவர்கள் எல்லோரும் பக்கத்து வீட்டில் இருக்கிறார்கள். பக்கத்து வீட்டில் போய் விசாரித்தால், அவர்கள் நம் வீட்டைக் கை காட்டுவார்கள்.

நான் குரோம்பேட்டைவாசி. ஒரு தனியார் கம்பெனியில் கணக்குப் பிரிவு. அடுத்தவர் சம்பளப் பட்டியலைப் பார்த்துப் பார்த்தே நரைத்த தலை. "எவ்வளவு வந்தா சார் ஒரு மனுஷனை வசதின்னு சொல்லலாம்?" என்று டீ நேரத்தில் இளவட்டங்கள் கேட்பதுண்டு. தொகையைச் சொல்லிவிடலாம்தான். ஆனால் கேட்பது யார் என்று தெரிய வேண்டாமா? கல்யாணத் தரகரிடம் சொல்லும் வருமானம் வேறு, ரசீதுப் புத்தகத்தோடு வசூலுக்கு வருபவரிடம் சொல்லும் வருமானம் வேறு. முன்னதில் வராத வாடகையும் சேரும். பின்னதில் வந்த சம்பளமும் கழியும். நடுவில் எங்கேயோ உண்மை இருக்கிறது. அது என் மனைவிக்கு மட்டும் தெரியும், ஏனென்றால் சம்பளம் வரும் குறுஞ்செய்தி அவள் போனுக்குத்தான் போகிறது.

அரசாங்கமாவது ஒரே தொகையாகச் சொல்லுமா என்று பார்த்தால், அங்கேயும் ஆபீசுக்கு ஒரு கணக்கு. 2011-இல் திட்டக் கமிஷன் உச்ச நீதிமன்றத்தில் ஒரு பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்தது. நகரத்தில் நாளைக்கு 32 ரூபாய், கிராமத்தில் 26 ரூபாய் செலவழிக்க முடிந்தவர் ஏழை இல்லை என்றது அது. நாடே கைகொட்டிச் சிரித்தது. 2014-இல் ரங்கராஜன் குழு வந்து நகரத்துக்கு 47, கிராமத்துக்கு 32 என்று ஏற்றிக் கொடுத்தது. ரிசர்வ் வங்கி கவர்னராக இருந்தவர் போட்ட கணக்கில் குறை சொல்ல நான் யார்? ஆனால் அந்த 47 ரூபாயோடு இன்று எங்கள் ஸ்டேஷன் ரோடு ஓட்டலுக்குள் நுழைந்து, இட்லி தின்றுவிட்டுக் காபியும் கேட்டால், வறுமையை ஒழித்த கையோடு கடன்காரனாகத்தான் வெளியே வரவேண்டியிருக்கும்.

அது பழைய கதை. 2019-இல் இன்னொரு கோடு போட்டார்கள். ஆண்டு வருமானம் 8 லட்சத்துக்குக் கீழே இருந்தால், நிலம் வீடு போன்ற மற்ற நிபந்தனைகளுக்கும் உட்பட்டு, முற்பட்ட வகுப்புக் குடும்பம் 'பொருளாதாரத்தில் நலிந்த பிரிவு' ஆனது. அதே ஆண்டு வருமான வரிக்காரர்கள் 5 லட்சத்தைத் தாண்டினால் எடுத்து வை என்றார்கள். ஆக ஏழு லட்சம் சம்பாதித்த ஒற்றைச் சம்பளக் குடும்பத் தலைவர் ஒரே நேரத்தில் நலிந்தவராகவும் வரி கட்டும் அளவுக்குத் தெம்பானவராகவும் இருந்தார். தாலுகா ஆபீசில் தலையைக் குனிந்துகொண்டும் வரி ஆபீசில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டும் நிற்கவேண்டிய நிலை. 8 லட்சம் வரை நலிந்தவர் என்றால் அவரிடம் எதற்கு வரி என்று 2022-இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் ஒருவர் வழக்கே போட்டார். கேள்வி கேட்பதில் மதுரைப் பக்கத்தை அடித்துக்கொள்ள முடியாது.

ரேஷன் கார்டு கதை இன்னும் சுவாரசியம். இங்கே ரேஷன் எல்லோருக்கும் உண்டு. அரிசி கார்டு, சர்க்கரை கார்டு, எந்தப் பொருளும் வேண்டாத கார்டு என்று வகைதான் வேறு. எங்கள் தெருவில் ரொம்ப காலம் சர்க்கரை கார்டு என்பது ஒரு பட்டம். "நாங்க ரேஷன் அரிசி வாங்கறதில்ல" என்று சொல்லும்போது குரல் ஒரு கட்டை ஏறும். பிறகு பொங்கல் பரிசு அரிசி கார்டுக்கு மட்டும்தான் என்று ஆனது. சர்க்கரை கார்டை அரிசி கார்டாக மாற்றிக்கொள்ளலாம் என்று அரசு வழிவிட்டதும் பட்டதாரிகள் எல்லோரும் பட்டத்தைத் திருப்பிக் கொடுக்க வரிசையில் நின்றார்கள். பொங்கல் அன்று அதே குரல், அதே கட்டை: "கரும்பு இந்தத் தடவ நல்ல கரும்பு இல்ல!"

ஆனால் எல்லாக் கோட்டிலும் எனக்குப் பிடித்தது கலைஞர் மகளிர் உரிமைத் தொகைக்குப் போட்ட கோடுதான். 2023 செப்டம்பரில் தொடங்கிய திட்டம், மாதம் 1,000 ரூபாய். குடும்ப வருமானம் ஆண்டுக்கு 2.5 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். நன்செய் என்றால் ஐந்து ஏக்கர், புன்செய் என்றால் பத்து ஏக்கர். இதெல்லாம் எல்லாரும் போடும் நிபந்தனை. இன்னொன்று இருக்கிறது பாருங்கள்: வீட்டு மின்சாரம் ஆண்டுக்கு 3,600 யூனிட்டுக்கு மேல் போகக் கூடாது. இதைச் சேர்த்த அதிகாரி யாரோ, அவர் குடும்பஸ்தர். மனிதன் வருமானத்தைக் குறைத்துச் சொல்வான், மீட்டர் சொல்லாது.

எங்கள் வீட்டில் மீட்டர்தான் குலதெய்வம். இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டைத் தாண்டினால் ஸ்லாப் மாறிவிடும், பில் எகிறிவிடும். அதனால் ரீடிங் எடுக்க ஆள் வரும் வாரம் நெருங்கினால் மனைவி டார்ச்சோடு படிக்கட்டுக்குக் கீழே குனிந்து நிற்பாள். "நானூத்தி அறுபத்தெட்டு!" என்று அங்கிருந்து ஒரு குரல் வரும். உடனே ஏசி ரிமோட் பீரோவுக்குள் போய்விடும். கிரைண்டருக்கு லீவு. தோசை மாவு கடையிலிருந்து பாக்கெட்டில் வரும்; அதற்கு ஆகும் காசு மிச்சமாகும் மின்சாரக் காசை விட அதிகம் என்று கணக்குப் பிரிவு ஆட்சேபம் எழுப்பினால், "மாவுக்கு ஸ்லாப் கிடையாது" என்று பதில் வரும். கணக்கெடுப்பவர் வந்து அட்டையில் எழுதிவிட்டுப் போன அன்று இரவு நாங்கள் மறுபடி வசதியானவர்கள். ஏசியைப் பதினெட்டில் வைத்துவிட்டுப் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்குவோம்.

வரிக்காரர்கள் பக்கம் வருவோம். அது என் பேட்டை. 1955-56 பட்ஜெட்டில் கல்யாணமானவருக்கு 2,000 ரூபாய் வரை வரி இல்லை, ஆகாதவருக்கு 1,000 வரைதான் இல்லை என்று வைத்தார்கள். ஒரே சம்பளத்தில் பிரம்மச்சாரி வசதியானவன் என்பதை எழுத்தில் ஒப்புக்கொண்ட பட்ஜெட் அது. 1973-74-இல் இன்னும் தமாஷ். 2 லட்சத்துக்கு மேல் வரும் வருமானத்துக்கு சர்சார்ஜோடு சேர்த்து வரி 97.75 சதவீதம். மேலே நூறு ரூபாய் சம்பாதித்தால் இரண்டேகால் ரூபாய் கைக்கு வரும். அந்தக் காலத்துப் பணக்காரர்கள் ஏன் அவ்வளவு எளிமையாக இருந்தார்கள் என்று தாத்தாக்கள் வியப்பார்கள். கணக்கில் எளிமையாக இருந்தார்கள் என்று திருத்திக்கொள்ளவும்.

2025 பட்ஜெட்டில் புதிய முறையில் 12 லட்சம் வரை வரி இல்லை என்றார்கள். சம்பளக்காரர்களுக்கு நிலைக்கழிவு 75,000 சேர்த்தால் 12,75,000. எங்கள் ஆபீசில் ஒரு தம்பிக்குச் சம்பளம் சொல்லிவைத்தாற்போல் இந்தத் தொகையில் வந்து நின்றது. அதற்குமேல் ஆண்டுக்குப் பத்தாயிரம் கூட்டிக் கொடுத்தார்கள். தம்பி சந்தோஷத்தில் ஆபீசுக்கே மைசூர்பாகு வாங்கிக் கொடுத்தார். நான் ஒரு துண்டைச் சாப்பிட்டு முடித்தபின்தான் விஷயத்தைச் சொன்னேன். முன்னாலேயே சொல்வது நாகரிகமில்லை. கோட்டை லேசாகத் தாண்டியவருக்குச் சலுகை உண்டு: தாண்டிய தொகைக்கு மேல் வரி போட மாட்டார்கள். அதாவது தாண்டிய பத்தாயிரமும் வரி. அதன்மேல் நாலு சதவீதம் செஸ், 400 ரூபாய். ஆக சம்பள உயர்வுக்காகத் தம்பி கையிலிருந்து 400 ரூபாயும் மைசூர்பாகும் போனதுதான் மிச்சம். "உயர்வு வேண்டாம்னு லெட்டர் கொடுத்தா எடுத்துக்குவாங்களா சார்?" என்றார். ஹெச்.ஆரில் அப்படி ஒரு படிவம் இல்லை.

அதே வரிச்சட்டத்தில் 50 லட்சத்தைத் தாண்டினால் வரியின்மேல் சர்சார்ஜ் போடுகிறார்கள். அரசின் கண்ணில் பணக்காரத்தனம் அங்கேதான் தொடங்குகிறது போலிருக்கிறது. 8-க்குக் கீழே நலிந்தவர், 50-க்கு மேலே பணக்காரர், நடுவில் இருக்கும் எல்லோரும் 'நடுத்தர வர்க்கம்' என்று ஒரே பாயில் படுத்திருக்கிறோம். ஒன்பது லட்சக்காரர் போர்வையை இழுத்தால் நாற்பத்தொன்பது லட்சக்காரர் குளிருது என்கிறார்.

அமெரிக்காவில் கானெமன், டீட்டன் என்று இருவர், நோபல் பரிசு வாங்கிய பண்டிதர்கள், 2010-இல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். ஆண்டுக்குச் சுமார் 75,000 டாலர் வரைதான் வருமானத்தோடு அன்றாட மகிழ்ச்சி ஏறுகிறது, அப்புறம் நின்றுவிடுகிறது என்று. அன்றைய மதிப்பில் நம் காசுக்கு 34 லட்சம் வரும் என்று பெருக்கிப் பார்த்தேன். டாலரைக் கண்டால் பெருக்காமல் இருக்க நம்மால் முடியாது. பிறகு 2021-இல் கில்லிங்ஸ்வொர்த் என்பவர், நிற்கவெல்லாம் இல்லை, ஏறிக்கொண்டேதான் போகிறது என்றார். 2023-இல் கானெமனும் அவரும் ஒன்றாக உட்கார்ந்து பேசி, பெரும்பாலானவர்களுக்கு ஏறுகிறது, ரொம்ப வருத்தத்தில் இருக்கும் சிலருக்கு மட்டும் ஒரு கட்டத்தில் நின்றுவிடுகிறது என்று சமாதானம் ஆனார்கள். இதற்கு இத்தனை வருஷம்.

இவர்களை விட விஷயம் தெரிந்தவர்கள் நியூமார்க், போஸ்டில்வெய்ட் என்ற இருவர். 1998-இல் அவர்கள் எழுதிய கட்டுரையின் சாரம்: தன் கணவனைவிட உடன்பிறந்தவளின் கணவன் அதிகம் சம்பாதித்தால், ஒரு பெண் வேலைக்குப் போகும் வாய்ப்பு கூடுகிறது. அமெரிக்கக் குடும்பங்களின் விவரங்களை அலசி இதைக் கண்டுபிடித்தார்கள். குரோம்பேட்டைக்கு ஒரு நடை வந்திருந்தால் என் மனைவி காபியும் கொடுத்து முடிவையும் சொல்லி அனுப்பியிருப்பாள்.

என் சகலை பெங்களூரில் பெரிய கம்பெனி. போன கோடை விடுமுறைக்குப் புதுக் காரில் வந்தார். நீளமான கார், எங்கள் தெரு முனையில் திரும்பவே மூன்று தடவை முன்னும் பின்னும் எடுக்க வேண்டியிருந்தது, அதற்குள் தெருவே பார்த்துவிட்டது. மனைவி என்னை ஒரு பார்வை பார்த்தாள். வாயைத் திறக்கவில்லை. கொழுந்தியாள் உள்ளே வந்து உட்கார்ந்ததும் முதல் வார்த்தை: "உங்களுக்கென்ன மாமா, சொந்த வீடு, கடன் கிடையாது. எங்களுக்கு வீட்டுக்கு ஒரு இ.எம்.ஐ., காருக்கு ஒரு இ.எம்.ஐ., ரெண்டு பிள்ளைங்க ஸ்கூல் ஃபீஸ். அங்க தண்ணி லாரிக்கே தனியா எடுத்து வைக்கணும்." சகலை விட்டத்தைப் பார்த்து ஒரு பெருமூச்சு விட்டார். எனக்கு உண்மையிலேயே பாவமாக இருந்தது. மனைவிக்கு இல்லை. அவர்கள் கிளம்பியதும், "கடன் கொடுக்கறதுக்குக்கூட பேங்க்காரன் ஆளைப் பார்த்துத்தான் கொடுப்பான்" என்றாள். இதற்கு என் கணக்குப் பிரிவில் பதில் இல்லை.

ஆவணி மாதம். பெண்ணுக்கு வரன் பார்த்துக்கொண்டிருக்கிறோம். ஜாதகம் பொருந்தியிருந்த ஒரு இடத்திலிருந்து பையனின் அப்பா போன் செய்தார். கௌரவமான மனிதர், சுற்றி வளைத்துத்தான் வந்தார். மழை, மெட்ரோ வேலை, சர்க்கரை வியாதி எல்லாம் பேசி முடித்துவிட்டு, "ரிட்டயர் ஆனப்புறம் உங்களுக்கு எப்படிங்க?" என்றார். நாளைக்கு மாமனார் மாமியார் பாரம் பையன் தலையில் விழுமா என்பது இதன் பொருள். நான் ஹாலில் நின்று தெளிவான குரலில், மாடி வாடகை, பி.எஃப்., வங்கி டெபாசிட், ஊரில் இருக்கும் கால் காணி எல்லாவற்றையும் அடுக்கி, "மாசம் லட்சத்துக்குக் குறையாதுங்க" என்று முடித்தேன். ஊர்க் காணியிலிருந்து கடைசியாக வந்தது ஒரு பலாப்பழம்.

திரும்பினால் வாசலில் பிள்ளையார் சதுர்த்தி வசூலுக்குத் தெருப் பையன்கள் நாலு பேர். எப்போது வந்தார்கள் என்று தெரியவில்லை. முன்னால் நின்றவன் ரசீதுப் புத்தகத்தை முதல் பக்கத்தில் திறந்து பிடித்திருந்தான். மூன்று மாடிக்காரர் பெயரில் ஐயாயிரத்து ஒன்று. போனைக் கையால் பொத்திக்கொண்டு, "என்னப்பா நேரங்கெட்ட நேரத்துல. மாசக் கடைசி. பொண்ணு கல்யாணம் வேற வருது, எங்க போய்க் கடன் வாங்கறதுன்னு முழிச்சிட்டிருக்கேன். நூத்தி ஒண்ணு போட்டுக்க" என்றேன்.

"கேட்டுட்டுதான் சார் நிக்கிறோம்" என்றான் அவன், மரியாதையாக. ரெண்டாயிரத்து ஒன்று என்று எழுதி, கார்பன் நகர்ந்துவிடாமல் ரசீதைக் கிழித்து நீட்டினான்.

இந்தக் காலத்துப் போனைக் கையால் பொத்தினால் ஒன்றும் ஆவதில்லை. உள்ளேயிருந்து ஒரு கனைப்புச் சத்தம் கேட்டது. வரன் கைநழுவியது என்று நினைத்துக்கொண்டே காதில் வைத்தேன்.

"இங்கயும் காலையில வந்துட்டுப் போனாங்க சார். நானும் கல்யாணச் செலவுன்னுதான் சொன்னேன். எங்களை ஐநூத்தி ஒண்ணோட விட்டுட்டாங்க."