பிரிட்ஜா, ரவுட்டரா? ஒரு சோம்பேறி வரலாறு

1980-களில் கம்ப்யூட்டர் கம்பெனிகளுக்கு ஓர் அபார நம்பிக்கை: உலகம் ஒரே கட்டடத்துக்குள் முடிந்துவிடும்! அமெரிக்காவின் டெக் நிறுவனம் அந்தத் தெம்பில் 'லாட்' என்றொரு புரோட்டோகால் எழுதியது. டெர்மினலும் கம்ப்யூட்டரும் ஜோராகப் பேசிக்கொள்ளும். 'எந்த நெட்வொர்க்குக்குப் போகிறாய்?' என்று குறித்துக்கொள்ள மட்டும் பாக்கெட்டில் இடமே வைக்கவில்லை. நெட்வொர்க் விட்டு நெட்வொர்க் பாக்கெட் அனுப்பும் ரவுட்டர் அதைப் பார்த்தால் கைவிரிப்பதைத் தவிர வேறென்ன செய்யும்?

ஆகவே கேபிளையும் கேபிளையும் இணைக்கும் பிரிட்ஜ். அதற்கு எதையும் சொல்லித்தர வேண்டாம்; கேபிளைச் செருகினால் போதும். எந்த மெஷின் எந்தப் பக்கம் என்று அதுவே பார்த்து மனப்பாடம் செய்துகொள்ளும். தெரியாத முகவரி வந்தால், வந்த வழி போக மற்ற எல்லாப் பக்கமும் தள்ளிவிடும். எவ்வளவு வெகுளி பாருங்கள்!

'ஒன்று படுத்துவிட்டால் இன்னொன்று' என்று எந்த மகானுபாவராவது பக்கத்திலேயே இரண்டாவது பிரிட்ஜையும் போட்டால் தொலைந்தது. பாக்கெட் வட்டமடிக்கத் தொடங்கும். ஐபி பாக்கெட்டுக்கு ஆயுள் உண்டு. ஒவ்வொரு ரவுட்டரும் ஒன்று கழிக்கும், பூஜ்யமானால் கதை முடிந்தது. பிரிட்ஜ் கடத்தும் ஈதர்நெட் ஃபிரேமோ மார்க்கண்டேயன். எமனே வந்தாலும் சுற்றிக்கொண்டுதான் இருக்கும்.

டெக்கில் ரவுட்டிங்கை வடிவமைத்துக்கொண்டிருந்த ரேடியா பெர்ல்மேனுக்கு இந்தப் பிரிட்ஜ் கூத்தே பிடிக்கவில்லை. அதனால் என்ன? அவரிடமே போய் இதற்கு வைத்தியம் கேட்டார் மேனேஜர். வேலையை ஒரு வெள்ளிக்கிழமை தலையில் கட்டிவிட்டு அடுத்த வாரம் முழுக்க லீவு. (மேனேஜர்கள் எல்லா நாட்டிலும் ஒரே ஜாதி.)

அம்மையார் அன்றிரவே விடை கண்டுபிடித்து, திங்கள், செவ்வாயில் எழுதி முடித்துவிட்டார். மிச்ச நாளில் பொழுது போகாமல் அதைப் பற்றி ஒரு கவிதை வேறு! 1985-இல் பிறந்த அந்த 'ஸ்பானிங் ட்ரீ'யில் பிரிட்ஜுகள் தங்களுக்குள் தேர்தல் நடத்தித் தலைவரைத் தேர்ந்தெடுக்கும். வட்டம் உண்டாக்கும் வழிகளை அடைத்துவிடும். யாரும் முன்கூட்டி ஏற்பாடு செய்யாவிட்டால், சின்ன முகவரி எண் உள்ளவரே தலைவர். பல இடங்களில் அது மூலையில் தூசி படிந்து கிடக்கும் ஆகப் பழைய பெட்டி. நான் எந்தக் கட்சியையும் சொல்லவில்லை.

வைத்தியம் பலித்தது. வினையே அதுதான். அன்றைய ரவுட்டருக்கு விலையும் அதிகம், வேகமும் மட்டு. 1990-களில் அதே பிரிட்ஜ் கூடுதல் போர்ட்டுகளோடு 'ஸ்விட்ச்' என்று பெயர் மாற்றிக்கொண்டு வந்தபோது ஊரே அள்ளிக்கொண்டது.

பாஸ்டனின் பெத் இஸ்ரேல் டீக்கனஸ் ஆஸ்பத்திரியும் இப்படி ஸ்விட்சுக்கு மேல் ஸ்விட்சாகக் கோத்துக்கொண்டே போனது. ஸ்பானிங் ட்ரீக்குச் சிபாரிசு செய்யப்பட்ட எல்லை, ஸ்விட்ச் விட்டு ஸ்விட்ச் ஏழு தாவல். அதையெல்லாம் யார் எண்ணினார்கள்? 2002 நவம்பர் 13-ஆம் தேதி நெட்வொர்க் திக்குமுக்காடிப் படுத்தது. சுமார் நான்கு நாள் எல்லாமே காகிதம். கம்ப்யூட்டரிலேயே மருந்து எழுதிப் பழகிய இளம் டாக்டர்களுக்குச் சீட்டு எழுதக் கற்றுக்கொடுத்தவர்கள், அதுவரை பழைய பஞ்சாங்கம் என்று பெயர் வாங்கியிருந்த சீனியர்கள்!

அதன் பிறகுதான் ஆஸ்பத்திரி ரவுட்டிங்குக்கு மாறியது. பெர்ல்மேன் ஆரம்பத்திலிருந்தே சொல்லிக்கொண்டிருந்ததும் அதைத்தான்.

உங்கள் ஆபீஸ் ஒரே மாடி, நாற்பது கம்ப்யூட்டர் என்றால் ஸ்விட்சே தாராளம். பக்கத்து மனையில் இரண்டாவது கட்டடம் எழும்பினால் மட்டும், சிமென்ட் மூட்டையோடு சேர்த்து ஒரு ரவுட்டருக்கும் ஆர்டர் கொடுத்துவிடுங்கள்.