பெல்ட் போட்ட அம்பாசடர்

அம்பாசடரின் முன்சீட்டை வெறும் சீட் என்று சொன்னால் அதற்கு மரியாதை குறைவு. ஒரு கதவிலிருந்து மறு கதவு வரை தடையில்லாமல் ஓடிய திண்ணை அது. கியர் தண்டு ஸ்டியரிங்குக்குக் கீழே ஒட்டிக்கொண்டிருந்ததால் நடுவில் குறுக்கிட ஒன்றும் இல்லை. எங்கள் வண்டியில் அடியில் சுருள் ஸ்பிரிங், மேலே தேங்காய் நார், அதற்கும் மேலே சிவப்பு ரெக்சின். வெயிலில் நிறுத்திவிட்டு வந்து உட்கார்ந்தால் ரெக்சின் தொடையைப் பிய்த்தெடுக்கும். அதற்காக வெள்ளை டவல் விரித்தோம். கலெக்டர் வண்டியைப் பார்த்து நாங்கள் கௌரவத்துக்கு விரித்ததாகத் தெருவில் பேச்சு. பேசட்டும் என்று அப்பாவும் விட்டுவிட்டார்.

எழுபதுகளின் கடைசியில் அப்பா வாங்கிய மார்க் 3. பாளையங்கோட்டையிலிருந்து ஆவணித் திருவிழாவுக்குத் திருச்செந்தூர் கிளம்பினால், முன்னால் டிரைவர் அண்ணாச்சி, அப்பா, மாமா, மாமா மடியில் நான். பின்னால் ஆச்சி, அம்மா, அத்தைமார், அவர்களுக்கு இடையே கிடைத்த சந்துகளில் பிள்ளைகள். ஆளை எண்ணக் கூடாது, எண்ணினால் கண் பட்டுவிடும் என்பது ஆச்சியின் கட்சி. பாதுகாப்பு ஏற்பாடுகளில் ஒரு குறையும் கிடையாது: டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம், டேஷ்போர்டில் முருகன், அண்ணாச்சி பிரேக்கை மிதித்தால் என் நெஞ்சுக்குக் குறுக்கே மாமாவின் கை. அந்தக் கையில் வழக்கமாக எரியும் சிகரெட் ஒன்றும் இருக்கும்.

“அந்தக் காலத்துத் தகரம் சார், மரத்துல மோதினாலும் மரத்துக்குத்தான் சேதம்” என்று இன்றைக்கும் பெட்ரோல் பங்கில் யாராவது வந்து பானெட்டைத் தட்டிக் கொடுக்கிறார்கள். உண்மைதான், தகரம் நசுங்காது. நசுங்காத தகரம் மோதலின் வேகத்தைத் தான் வாங்கிக்கொள்ளாமல் உள்ளே இருப்பவருக்கு அப்படியே கொடுத்துவிடும். ஸ்டியரிங் தண்டு வேறு மடங்காத ஒற்றைக் கம்பி, டிரைவரின் நெஞ்சைக் குறிபார்த்து நிற்பது. அந்தக் காலத்து வண்டிகளின் உறுதியைப் பற்றிப் பேச இன்று வருகிறவர்கள் எல்லோருமே அதில் பிழைத்தவர்கள். மற்றவர்களின் கருத்தைக் கேட்க வழியில்லை.

இதில் ஒரு வேடிக்கை, மூன்று முனை பெல்ட்டும் அம்பாசடரும் ஏறக்குறைய சம வயது. உத்தரபாராவில் அம்பாசடர் உருளத் தொடங்கிய ஐம்பதுகளின் கடைசியில், 1959-ல், ஸ்வீடனில் வோல்வோ கம்பெனி அந்த பெல்ட்டைக் காரில் மாட்டிவிட்டது. வடிவமைத்த நில்ஸ் பொலின் அதற்கு முன் சாப் கம்பெனியில் போர் விமானத்து விமானியை வெளியே தூக்கி எறியும் இருக்கைகளைச் செய்துகொண்டிருந்தவர். ஆளை வெளியே எறியத் தெரிந்தவருக்குத்தான் உள்ளே பிடித்துவைக்கவும் தெரிந்திருக்கிறது. வோல்வோ காப்புரிமையை எல்லோருக்கும் திறந்துவிட்டது. யார் வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம். எங்கள் மார்க் 3-ல் பெல்ட்டின் நிழல்கூட விழவில்லை.

2022 செப்டம்பரில் தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி கார் விபத்தில் இறந்தார். பின்சீட்டில் பெல்ட் போடாமல் இருந்தார் என்று செய்தி வந்ததும் நாடு முழுக்கப் பின்சீட் பேச்சாகவே இருந்தது. என் மகள் பேச்சோடு நிறுத்தவில்லை. “பெல்ட் இல்லாத வண்டில என் பிள்ளையை ஏத்த மாட்டேன்ப்பா” என்றாள். பெல்ட் போடாவிட்டால் 1000 ரூபாய் அபராதம் என்கிற சட்டமே, பெல்ட்டோடு தயாரான வண்டிகளைத்தான் கேட்கிறது என்று வாதாடிப் பார்த்தேன். பிள்ளையைப் பெற்றவளிடம் சட்டம் பேசி என்ன ஆகப்போகிறது?

பெல்ட் மாட்டுவதென்று முடிவாயிற்று. திண்ணைக்குப் பதிலாக வைக்க இருக்கைகள் சென்னை புதுப்பேட்டையில் கிடைத்தன. தலைசாய்ப்பு, இடுப்புக்கு முட்டு, முன்னும் பின்னும் நகர்த்தத் தண்டவாளம் எல்லாம் கொண்ட ஜோடி, அநேகமாகப் புதுசு. முன்பக்கம் அப்பளமாகிப்போன ஒரு காரிலிருந்து கழற்றியதாம். ஓட்டியவர் என்ன ஆனார் என்று கேட்டேன். “சீட்டு நல்லாருக்குல்ல சார்” என்றார் கடைக்காரர்.

ஊரில் டிங்கர் வண்டியைச் சுற்றி வந்து, நடுத்தூணை விரலால் சுண்டினார். டங்கென்றது. “அண்ணாச்சி, இது வெறுந் தகரம்லா. இதுல போல்ட்டு போட்டா பெல்ட்டு ஆளைப் பிடிக்கும், தூணு பெல்ட்டைப் பிடிக்காது.” தூணைக் கீறி உள்ளே கனத்த பட்டை வைத்துப் பற்றவைத்தார். அதில் 7/16 அங்குல போல்ட்டுக்கு மரை. தரையிலும் அப்படியே, துரு தின்ற இடத்தை வெட்டி எறிந்துவிட்டு. தோள் பக்கத்து முனை தோளுக்குக் கீழே போய்விடக் கூடாது. போனால் மோதலில் பெல்ட் முதுகெலும்பைக் கீழே அழுத்தும். புது இருக்கை பழசைவிட உயரம் என்பதால் என் தலை கூரையில் இடித்தது. தண்டவாளத்தின் காலை அறுத்துத் தாழ்த்த வேண்டியதாயிற்று.

எல்லாம் முடிந்து பெல்ட்டை இழுத்தால் வரவில்லை. டிங்கர் தூணில் காலை உதைத்து இழுத்தார். ஒரு அங்குலம் நகரவில்லை. தூண் உள்நோக்கிச் சாய்ந்திருக்கிறது, அதன் சாய்வுக்கே பெல்ட் சுருளையும் மாட்டியிருந்தார். சாய்வை அறியும் ஒரு சின்ன உருண்டை அந்தச் சுருளுக்குள் இருக்கிறது. வண்டி கவிழ்ந்துகொண்டிருக்கிறது என்று அது முடிவு கட்டிவிட்டது. ஷெட்டில் அசையாமல் நின்ற வண்டியில் இவ்வளவு முன்ஜாக்கிரதை. ஆப்பு மாதிரி ஒரு வாஷர் சீவி வைத்து நிமிர்த்தியதும் பட்டை வழுக்கிக்கொண்டு வந்தது.

பின்னால் இரண்டு பெல்ட், முன்னால் இரண்டு. ஆக வண்டியின் கொள்ளளவு நாலு. ஒற்றை ஹெட்லைட்டில், நடுராத்திரியில், குடும்பத்தையே அள்ளிக்கொண்டு ஓடிய காலத்தில் அதைப் பிடித்துவைக்க மாமாவின் கையைத் தவிர ஒன்றும் கிடையாது. இப்போது ஞாயிற்றுக்கிழமை காலையில் வண்ணார்பேட்டை பங்க் வரை நாற்பதுக்கு மேல் போகாமல் போய்வருகிறது, ஸ்வீடன் நாட்டுக் கவசத்தோடு.

போன பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா கோயிலுக்கு அதில்தான் போனோம். ஸ்டியரிங்கில் நான், பக்கத்தில் பெரியத்தை, பின்னால் மகள், குழந்தை இருக்கையில் வரிந்து கட்டிய பேரன். “என்னல, என்னையக் கட்டிப்போடுத?” என்று அத்தை முனகிக்கொண்டே வந்தாள். மருமகன், மதினிமார், அவர்கள் பிள்ளைகள், பொங்கல் பானை, விறகு எல்லாம் பின்னால் குட்டியானையில். பானையையும் விறகையும் கயிறு போட்டுக் கட்டியிருந்தோம். ஊர் எல்லை தாண்டியதும் அவர்கள் நின்றுகொண்டே கையாட்டி எங்களை முந்திப் போனார்கள். அத்தை கழுத்தை நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“திரும்பையில நான் அதுல வாரேன்” என்றாள். “காத்தாவது வரும்.”